திருச்சி பத்தே ஆண்டுகளில் இரட்டித்ததா?

கணிப்பொறியில் வரைபடம் போடுவது இன்று மிக எளிது. எண்களை இரண்டு வரிசையாக அடித்துவிட்டுச் சுட்டியால் ஒரு முறை தட்டினால் போதும். பட்டைகளும் கோடுகளும் வண்ண வண்ணமாகத் திரையில் வந்து நிற்கும். முன்பெல்லாம் இது வரைபடத்தாள், அளவுகோல், வண்ணப் பென்சில் ஆகியவற்றுடன் ஒரு மாலைப் பொழுதையே விழுங்கிய வேலை. எளிதாகக் கிடைப்பதாலேயே வந்த படத்தை வந்தபடி அறிக்கையில் ஒட்டிவிடும் வழக்கமும் பரவிவிட்டது. அந்தப் படம் சொல்வது உண்மைதானா என்று நின்று பார்ப்பவர் சிலரே. திருச்சிராப்பள்ளியின் மக்கள்தொகையை எடுத்துக்கொண்டு இதைச் சோதித்துப் பார்ப்போம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருச்சி நகரில் 1951-இல் 2.19 லட்சம் பேர் இருந்தனர். 1961-இல் 2.50 லட்சம், 1971-இல் 3.07 லட்சம், 1981-இல் 3.62 லட்சம், 1991-இல் 3.87 லட்சம். அடுத்து 2001-இல் 7.52 லட்சம்! 2011-இல் 8.47 லட்சம். இந்த ஏழு எண்களையும் கணிப்பொறிக்குக் கொடுத்துக் கோட்டு வரைபடம் கேளுங்கள். ஐந்து புள்ளிகள் வரை சாதுவாக ஏறிவந்த கோடு, 1991-க்கும் 2001-க்கும் இடையில் மலைக்கோட்டையின் படிக்கட்டுப்போலச் செங்குத்தாக எழும்பி, பிறகு மீண்டும் சாய்வாகச் செல்லும்.

இதைப் பார்க்கும் மாணவர் என்ன எழுதுவார்? "1991-க்குப் பிறகு திருச்சியில் மக்கள்தொகை வெகு வேகமாகப் பெருகியது, பத்தே ஆண்டுகளில் 94 விழுக்காடு உயர்ந்தது" என்று எழுதுவார். கணக்கில் தவறில்லை. 7.52-ஐ 3.87-ஆல் வகுத்தால் அப்படித்தான் வரும். காரணமும் தேடுவார். பாரத மிகுமின் நிறுவனத்தின் தொழிற்சாலை வந்ததாலோ என்று எண்ணலாம். ஆனால் அது வந்தது 1960-களில். பொன்மலை ரயில்வே பணிமனையோ அதற்கும் வெகு காலம் முந்தியது. இப்படித் தேடித் தேடி, இல்லாத ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து எழுதிவிடவும் கூடும்.

உண்மையில் நடந்தது வேறு. 1994-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி நகராட்சி மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. அதுவரை தனித்தனி நகராட்சிகளாக இருந்த ஸ்ரீரங்கமும் பொன்மலையும் அதில் இணைக்கப்பட்டன. ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியில் குடியிருந்தவர் வீடு மாறவில்லை, ஊர் மாறவில்லை. 1991-இல் ஸ்ரீரங்கம் கணக்கில் எண்ணப்பட்டவர் 2001-இல் திருச்சி கணக்கில் எண்ணப்பட்டார். அவ்வளவுதான். பெரிதானது முதலில் எல்லைக்கோடு, மக்கள்தொகை அல்ல.

எண்கள் பொய் சொல்லவில்லை. கணிப்பொறியும் பிழை செய்யவில்லை. 1991-க்கும் 2001-க்கும் இடையே ஒரு நேர்கோடு போட்டதுதான் பொய். இரண்டு புள்ளிகளைக் கோட்டால் இணைப்பது, "இது ஒரே பொருள், இங்கிருந்து அங்கே வளர்ந்தது" என்று சொல்வதாகும். இங்கே இரண்டும் ஒரே பொருள் அல்ல. இதை அறிய மென்பொருளுக்கு வழியே இல்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஏழு ஆண்டுகளும் ஏழு எண்களுமே.

படத்தைத் திருத்துவோம்

அறிக்கை தயாரிக்கும் மென்பொருள்கள் பலவற்றிலும், லிப்ரேஆபிஸ் போன்ற இலவச மென்பொருளிலும்கூட, வரைபடத்தின் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே மாற்றும் வசதி உண்டு. தலைப்பு, அச்சுகள், அச்சிலுள்ள எண்கள், பின்னணிக் கட்டக் கோடுகள், குறிவிளக்கம், கோட்டின் தடிப்பு, புள்ளியின் வடிவம், வண்ணம் ஆகிய எல்லாமே நம் விருப்பத்துக்கு உட்பட்டவை. மாற்ற வேண்டிய உறுப்பின்மேல் சுட்டியை வைத்து வலப்பக்கப் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் அதற்குரிய பட்டியல் திறக்கும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் மென்பொருள் தானாக ஒன்றைத் தேர்ந்துகொள்கிறது. அந்தத் தேர்வு உலகிலுள்ள எல்லா எண்களுக்கும் பொதுவானது; திருச்சிக்கென்று செய்யப்பட்டதன்று.

முதற்காரியம், 1991-க்கும் 2001-க்கும் இடையே கோட்டைத் துண்டிப்பது. எளிய வழி ஒன்று உண்டு. எண்களை ஒரே வரிசையாகக் கொடுக்காமல், 1951 முதல் 1991 வரை ஒரு வரிசையாகவும், 2001, 2011 ஆகியவற்றை மற்றொரு வரிசையாகவும் கொடுங்கள். இப்போது இரண்டு கோடுகள் கிடைக்கும். நடுவில் இடைவெளி இருக்கும். முதல் கோட்டின் அருகில் "நகராட்சி எல்லை" என்றும், இரண்டாவதன் அருகில் "மாநகராட்சி எல்லை" என்றும் எழுதுங்கள். 1994-க்குரிய இடத்தில் மெல்லிய புள்ளிக்கோடு ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, "ஸ்ரீரங்கம், பொன்மலை இணைப்பு" என்று நாலு சொல் குறிப்பிடுங்கள். இந்தச் சிறு குறிப்பு படத்தின் மற்ற அலங்காரங்கள் எல்லாவற்றையும்விட முக்கியமானது.

இரண்டாவது காரியம், ஒப்பிடுவதற்கு ஏற்ற வேறொரு வரிசையைச் சேர்ப்பது. நகரையும் அதனுடன் தொடர்ச்சியாக ஒட்டி வளர்ந்த சுற்றுப்புற ஊர்களையும் சேர்த்து "நகர்ப்புறத் திரள்" என்று கணக்கெடுப்புத் துறை ஓர் எண் தருகிறது. இக்கருத்து 1971-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நடைமுறைக்கு வந்தது. திருச்சித் திரளில் 1981-இல் சுமார் 6.1 லட்சம் பேர். 1991-இல் சுமார் 7.1 லட்சம், 2001-இல் 8.66 லட்சம், 2011-இல் 10.2 லட்சம். இவற்றைக் கோடாக இழுத்துப் பாருங்கள். செங்குத்தான படி எங்கே போயிற்று? காணோம்! முதல் பத்தாண்டில் ஏறத்தாழ 17 விழுக்காடு, அடுத்ததில் 22, அதற்கடுத்ததில் 18 என்று ஒழுங்காக ஏறும் கோடு கிடைக்கிறது. திரளின் எல்லையும் கணக்கெடுப்புக்குக் கணக்கெடுப்பு சற்று மாறுவதுண்டு என்பது உண்மையே. ஆயினும் ஸ்ரீரங்கம் நேற்று வெளியூர், இன்று உள்ளூர் என்ற குழப்பம் இதில் இல்லை.

இரண்டையும் ஒரே படத்தில் வைத்தால் இன்னொரு செய்தியும் கிடைக்கிறது. 1981-இலிருந்து 1991 வரை பழைய நகராட்சிக்குள் பெருக்கம் 7 விழுக்காடுதான், திரளிலோ 17. அதாவது உறையூர், மலைக்கோட்டைப் பகுதிகள் நிரம்பிவிட்டன. புதுக் குடியிருப்புகள் எல்லைக்கு வெளியேதான் எழும்பின. இணைப்பு எதற்காக நடந்தது என்ற கேள்விக்கே இதில் பாதி விடை இருக்கிறது. முதலில் வந்த படத்தில் இது தெரிந்திருக்குமா?

வண்ணம் என்பது மூன்று எண்கள்

இப்போது படத்தில் மூன்று கோடுகள். எதற்கு எந்த வண்ணம் தருவது?

கணிப்பொறித் திரையில் ஒவ்வொரு வண்ணமும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் கலவை. ஒவ்வோர் ஒளியின் அளவையும் 0 முதல் 255 வரை ஓர் எண்ணாகச் சொல்லலாம். (255, 0, 0) என்றால் முழுச் சிவப்பு. மூன்றும் 0 என்றால் கறுப்பு. மூன்றும் 255 என்றால் வெள்ளை. மொத்தம் 256 × 256 × 256, அதாவது 1,67,77,216 வண்ணங்கள். ஒன்றேமுக்கால் கோடிக்குச் சற்றுக் குறைவு! இவ்வளவு இருந்தும் நம்மவர் அறிக்கைகளில் பெரும்பாலும் காண்பது பளிச்சென்ற சிவப்பும் கரும்பச்சையுமே. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைப்பதில் என்ன கேடு என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது ஒவ்வொரு வண்ணமும் எவ்வளவு வெளிச்சமான சாம்பல் நிறமாகும் என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு. சிவப்பின் எண்ணை 0.299-ஆலும், பச்சையின் எண்ணை 0.587-ஆலும், நீலத்தின் எண்ணை 0.114-ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். நம் கண்ணுக்குப் பச்சை ஒளி மிகப் பிரகாசமாகவும் நீலம் மிக மங்கலாகவும் தெரிவதால் இப்படி மூன்றுக்கும் வேறு வேறு மதிப்பு. 1982-இல் இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது, பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டி வைத்திருந்தவர்களும் அதே நிகழ்ச்சியைத் தடையின்றிப் பார்த்தார்கள் அல்லவா? அதற்கு வழிசெய்தது இந்தச் சூத்திரந்தான்.

முழுச் சிவப்பு (255, 0, 0): 255 × 0.299 = 76. கரும்பச்சை (0, 128, 0): 128 × 0.587 = 75. பார்த்தீர்களா? திரையில் கீரியும் பாம்புமாக எதிரெதிரே நிற்கும் இரண்டு வண்ணங்கள், கறுப்பு வெள்ளை நகலில் ஒரே சாம்பலாகிவிடுகின்றன. திருச்சியில் வண்ணத்தில் தயாரான அறிக்கையை ஜெராக்ஸ் எடுத்து ஊர் ஊராக அனுப்பினால், எந்தக் கோடு நகராட்சி, எந்தக் கோடு திரள் என்று பெறுபவர் பகடை உருட்டித்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஜெராக்ஸ் எந்திரத்துக்கு மட்டுமா இந்தத் தொல்லை? சில மனிதர்களுக்கும் உண்டு. கண்ணின் விழித்திரையில் வண்ணத்தை உணரும் கூம்புச் செல்கள் மூவகைப்படும். அவற்றுள் ஒரு வகை பழுதுபட்டாலோ இல்லாதிருந்தாலோ, சிவப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு சரியாகத் தெரிவதில்லை. வேதியியலில் அணுக் கொள்கையை வகுத்த ஜான் டால்டனுக்கே இக்குறை இருந்தது. 1794-இல் அவர் அதைப் பற்றி அறிவியல் கழகமொன்றில் கட்டுரை படித்தார். இதற்குரிய மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் அமைந்துள்ளன. ஆண்களுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றே ஒன்று என்பதால், இக்குறை பெண்களைவிட ஆண்களிடமே மிகுதி. ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் நூற்றுக்கு 8 பேர் வரை இவ்வாறு உள்ளனர். இந்தியாவில் இதைவிடக் குறைவு. எனினும் பெரிய வகுப்பு ஒன்றில் இப்படி ஒருவராவது இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அவர் தம் குறையை அறியாமலேயே படித்துக்கொண்டிருக்கவும் கூடும்.

ஆகவே வெறும் நிற வேறுபாட்டை மட்டும் நம்பாமல், வெளிச்ச வேறுபாடும் இருக்குமாறு வண்ணங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீலமும் ஆரஞ்சும் நல்ல இணை. மசதாகா ஒகாபே, கெய் இட்டோ என்ற ஜப்பானிய அறிவியலாளர்கள் இருவர், நிறக்குறை உள்ளவர்களுக்கும் பிரித்துத் தெரியக்கூடிய எட்டு வண்ணங்களைத் தேர்ந்தெடுத்துத் தந்துள்ளனர். அவற்றுள் நீலம் (0, 114, 178). ஆரஞ்சு (230, 159, 0). சூத்திரத்தில் இட்டால் நீலத்துக்கு 87, ஆரஞ்சுக்கு 162 வருகிறது. நகலெடுத்தாலும் ஒன்று கரியதாகவும் மற்றது வெளிறியதாகவும் தெளிவாக நிற்கும். போதாக்குறைக்கு ஒரு கோட்டில் வட்டப் புள்ளியும் மற்றதில் சதுரப் புள்ளியும் வைத்துவிட்டால் வண்ணமே தெரியாதவரும் படித்துவிடலாம்.

நம் படத்துக்கு நான் பரிந்துரைப்பது இதுதான்: திரளின் கோட்டுக்குச் சாம்பல் நிறம், நகரின் இரு துண்டுகளுக்கும் ஒரே நீலம், 1994-ஆம் ஆண்டுப் புள்ளிக்கோட்டுக்கும் அதன் குறிப்புக்கும் மட்டும் ஆரஞ்சு. நகரத்துண்டு இரண்டும் ஒரே ஊரைச் சேர்ந்தவை என்பதால் ஒரே வண்ணம். எல்லை வேறு என்பதால் நடுவே இடைவெளி. மென்பொருளிடம் விட்டால் மூன்றுக்கும் மூன்று பளபளப்பான வண்ணங்கள் தரும்; எல்லாமே "என்னைப் பார்" என்று கத்தும். ஸ்ரீரங்கத்தில் 21 கோபுரங்கள் உள்ளன. ஒவ்வொரு கோபுரத்திலும் எத்தனையோ வண்ணச் சுதைச் சிற்பங்கள்! ஆனால் கிழக்கே நிற்கும் வெள்ளைக் கோபுரத்தைப் புதிதாக வந்தவரும் உடனே அடையாளம் காண்கிறார். மற்றவை வண்ணமாக இருப்பதால் வண்ணமில்லாத ஒன்று தனித்துத் தெரிகிறது. வரைபடத்தில் இதையே தலைகீழாகச் செய்கிறோம்.

வண்ணத்தில் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. ஒரு வண்ணம் எப்படித் தெரியும் என்பது அதன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதையும் பொறுத்தது. பாரிசில் கோபெலின் திரைச்சீலை நெசவாலையின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலார் செவ்ரெல் என்பவரிடம், கறுப்புச் சாயம் மங்கலாக இருப்பதாக முறையீடு வந்தது. அவர் ஆராய்ந்தபோது சாயத்தில் குறை இல்லை. கறுப்பு நூலை அடுத்து நெய்யப்பட்ட வண்ணங்கள்தாம் அதை மங்கச் செய்தன என்று தெரிந்தது. 1839-இல் இது பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார். திருச்சி என்.எஸ்.பி. சாலை ஜவுளிக் கடைகளில் ரவிக்கைத் துணியைச் சேலைமேல் வைத்துப் பார்த்துத்தானே வாங்குகிறார்கள்? அவர்களுக்குச் செவ்ரெல் தெரியாது, செய்தி தெரியும். வரைபடத்தின் பின்னணிக்கு ஊதாவோ கருநீலமோ பூசும் மென்பொருள் அச்சுகளைக் கண்டால், அதை வெள்ளையாக்கிவிடுவதே நல்லது என்பது இதனால்தான்.

சிவப்பு யாருக்கு?

சில வண்ணங்களுக்கு நம் மனத்தில் ஏற்கெனவே பொருள் ஊறியிருக்கிறது. சிவப்பு என்றால் நில், ஆபத்து. பச்சை என்றால் போகலாம். அலுவலக அறிக்கைகளில் குறைவுக்குச் சிவப்பு, நிறைவுக்குப் பச்சை என்று மென்பொருளே போட்டுத் தருகிறது. இதைக் காவிரி நீருக்குப் பொருத்தினால் என்ன ஆகும்?

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே செல்வது காவிரி, வடக்கே செல்வது கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவே உள்ள தீவுதான் ஸ்ரீரங்கம். 1836-இல் கட்டப்பட்ட மேலணை இங்கே இருக்கிறது. வெள்ளம் வந்தால் பெரும்பகுதியைக் கொள்ளிடம் வாங்கிக்கொள்ளும்.

இப்போது இரண்டு பேரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் கீழே டெல்டாவில் குறுவைக்குக் காத்திருக்கும் உழவர். மேட்டூர் அணையின் முழு உயரமான 120 அடியில் நீர் பாதிக்குக் கீழே இறங்கினால் அவருக்கு வயிற்றில் புளி கரைக்கும். மற்றவர் கொள்ளிடக் கரையில் குடியிருப்பவர். அணை நிரம்பி உபரிநீர் திறந்தால் அவருக்குத் தூக்கம் போய்விடும். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22-ஆம் நாள் இரவு, கொள்ளிடத்துக்கு வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்த நேரத்தில், மேலணையின் மதகுகளில் ஒன்பது உடைந்து அடித்துச் செல்லப்பட்டன. நீர்மட்டம் குறைந்தால் சிவப்பு என்று வண்ணமிட்ட அறிக்கையில் அத்தகைய இரவு பச்சையாகத்தான் தெரிந்திருக்கும்!

இத்தகைய எண்களுக்கு ஒரே திசையில் ஓடும் வண்ணம் பொருந்தாது. நடுவில் வழக்கமான அளவு. ஒருபக்கம் வறட்சி, மறுபக்கம் வெள்ளம். ஆகவே நடு அளவுக்கு வெளிறிய நிறம் வைத்து, குறையக் குறையப் பழுப்பு கருக்கவும், கூடக் கூட நீலம் கருக்கவும் செய்வது பொருத்தம். இதை இருதிசை வண்ணவரிசை எனலாம். மாநகராட்சி வார்டுகளின் மக்கள் நெருக்கத்தை நிலப்படத்தில் காட்டுவது வேறு கதை. அங்கே குறைவிலிருந்து மிகுதிக்கு ஒரே திசைதான். ஒரே நிறத்தை வெளிறியதிலிருந்து கரியது வரை ஏற்றிக்கொண்டு போனால் போதும். வானவில்லின் ஏழு நிறங்களையும் வரிசையாக அடுக்குவோர் உண்டு. அழகுதான். ஆனால் மஞ்சள் பெரிதா, பச்சை பெரிதா என்று கேட்டால் எந்தக் கண்ணும் விடை சொல்லாது.

கோபுரமும் குன்றும்

வண்ணத்தை விட்டு அச்சுக்கு வருவோம். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம், 1987-ஆம் ஆண்டு மார்ச் மாதம் குடமுழுக்குக் கண்டது, 236 அடி உயரம். மலைக்கோட்டைக் குன்று 273 அடி உயரம். இரண்டையும் இரண்டு பட்டைகளாக வரையுங்கள். வேறுபாடு 37 அடி. கோபுரத்தைவிடக் குன்று ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு உயர்ந்தது. காவிரிப் பாலத்தில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் நிகரான இரு உயரங்களாகவே தோன்றும்.

எண்கள் இப்படி நெருக்கமாக இருந்தால் சில மென்பொருள்கள் அச்சைப் பூச்சியத்தில் தொடங்குவதில்லை. "வேறுபாடு நன்றாகத் தெரியட்டும்" என்று தாமாகவே மேலே எங்கோ தொடங்கிவிடும். அச்சு 230 அடியில் தொடங்கினால் கோபுரத்தின் பட்டைக்கு 6 அடிதான் மிஞ்சும். குன்றின் பட்டைக்கு 43. பார்ப்பவர் கண்ணுக்குக் குன்று கோபுரத்தைப்போல ஏழு மடங்கு! கோபுரமோ ஒரு திண்ணை அளவு. பட்டை வரைபடத்தில் நாம் ஒப்பிடுவது பட்டையின் நீளத்தை. நீளத்தின் அடியை வெட்டிவிட்டால் ஒப்பீடே கெட்டுவிடும். பட்டைகளுக்கு அச்சின் தொடக்கம் எப்போதும் பூச்சியமாக இருக்கட்டும். அச்சின் பட்டியலைத் திறந்து, குறைந்த அளவு என்ற இடத்தில் 0 என்று நாமே எழுதிவிட வேண்டும்.

கோட்டு வரைபடத்துக்கு இவ்வளவு கண்டிப்பு வேண்டியதில்லை. காய்ச்சல்காரரின் உடல் வெப்பத்தைப் பூச்சியத்திலிருந்து வரைந்தால் காய்ச்சலே தெரியாது.

வட்ட விளக்கப்படம் பற்றி நிரம்பச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கோணத்தையும் பரப்பையும் ஒப்பிடுவதைவிட, ஒரே அளவுகோலில் அமைந்த இடங்களை ஒப்பிடுவதே நம் கண்ணுக்கு எளிது என்று 1984-இல் கிளீவ்லாண்டும் மெக்கில்லும் சோதனை செய்து காட்டினர். இரண்டு மூன்று துண்டுகள் என்றால் வட்டம் தாங்கும். பத்துத் துண்டு போட்டு, அதை முப்பரிமாணத்தில் சாய்த்தும் வைத்தால், முன்னால் உள்ள துண்டு வீணாகப் பெருத்துத் தெரியும். அந்த முப்பரிமாணப் பொத்தானைத் தொடாதிருப்பதே மேல்.

தமிழில் எழுதும்போது

நம் மொழியில் வரைபடம் போடுபவர்க்குச் சில தனித் தொல்லைகள் உள்ளன. மென்பொருள்கள் சிறிய பெயர்களையே எதிர்பார்த்துச் செய்யப்பட்டவைபோல் நடந்துகொள்கின்றன. திருச்சிராப்பள்ளி, கோ-அபிஷேகபுரம், அரியமங்கலம் என்று பட்டைகளின் அடியில் எழுதினால் இடம் போதாமல் எழுத்துகளைச் சாய்த்து விடும். சில வேளைகளில் செங்குத்தாக நிறுத்தியும் விடும். கழுத்தை ஒடித்துப் படிக்க வேண்டும். பட்டைகளையே கிடையாகப் படுக்க வைத்துவிடுங்கள். பெயர்கள் இடப்புறம் நேராக நிற்கும். எவ்வளவு நீளமானாலும் கவலையில்லை.

எழுத்துருவையும் கவனிக்க வேண்டும். உங்கள் கணிப்பொறியில் மட்டும் உள்ள பழைய எழுத்துருவில் தட்டினால், வேறொரு கணிப்பொறியில் அதே இடத்தில் பொருளற்ற குறிகள் தோன்றும். ஒருங்குறி எழுத்துருவில் தட்டியிருந்தால் இக்குழப்பம் குறையும். அறிக்கையை அனுப்புமுன் படத்தை வேறொரு கணிப்பொறியில் திறந்து பார்ப்பது நல்லது. கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி நின்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது எண்கள். அச்சில் 752,066 என்றோ 0.75 மில்லியன் என்றோ வரும். நம் பள்ளி மாணவர் எத்தனை பேர் மில்லியனில் எண்ணுகிறார்கள்? எண் வடிவம் என்ற பட்டியலில் 7,52,066 என்று வருமாறு மாற்றலாம். இன்னும் எளிது, எண்களை லட்சத்தால் வகுத்துவிட்டு, அச்சின் தலையில் "லட்சத்தில்" என்று எழுதிவிடுவது. 7.5 என்பதை ஒரு பார்வையிலேயே படிக்கலாம்.

குறிவிளக்கப் பெட்டியைப் பற்றியும் ஒரு சொல். இந்த வண்ணம் இன்னது என்று ஓரத்தில் பெட்டி கட்டி எழுதுவதைவிட, கோட்டின் முடிவிலேயே அதன் பெயரை எழுதுவது மேல். கண் கோட்டுக்கும் பெட்டிக்கும் போய்ப் போய் வர வேண்டியதில்லை. கட்டக் கோடுகளை வெளிறிய சாம்பலாக்குங்கள். நாலைந்து இருந்தால் போதும். கோட்டு, பட்டை வரைபடங்களை 1786-இல் நூலாக வெளியிட்ட வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர், தாமிரத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டச் செய்தார். ஏற்றுமதிக் கோடு, இறக்குமதிக் கோடு என்று கோடுகளின்மேலேயே பெயரும் பொறித்தார். இன்றோ பெயர்கள் பெரும்பாலும் ஓரத்துப் பெட்டிக்கு ஓடிப்போய்விடுகின்றன.

அடுத்த புள்ளி

நம் திருச்சி வரைபடம் 2011-இல் நிற்கிறது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் 1-ஆம் நாளைக் கணக்கு நாளாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு நடக்கும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. அந்த எண் வெளிவரும்போது எட்டாவது புள்ளியை வைக்க வேண்டியிருக்கும்.

அங்கே இரண்டு பொறிகள் காத்திருக்கின்றன. இதுவரை புள்ளிகளுக்கு இடையே பத்துப் பத்து ஆண்டுகள்; இனி வருவது பதினாறு ஆண்டு இடைவெளி. ஆண்டுகளை வெறும் பெயர்களாக எண்ணும் மென்பொருள், 2011-க்கும் 2027-க்கும் நடுவே பழைய பத்தாண்டு இடத்தையே விடும். கோடு உண்மையைவிடச் செங்குத்தாக எழும்பும். கிடையச்சின் வகையைக் காலம் அல்லது எண் என்று மாற்றிவிட்டால் இடைவெளி தானே சரியாகும். மற்றது, பழைய பொறியேதான். 2011-ஆம் ஆண்டிலேயே திருவெறும்பூர் முதலிய பகுதிகள் மாநகராட்சியில் சேர்க்கப்பட்டு, வார்டுகள் 65 ஆயின. மேலே நாம் எடுத்துக்கொண்ட 8.47 லட்சத்தில் அப்பகுதிகள் அடங்கவில்லை. எனவே 2011-க்குப் பக்கத்தில் இன்னொரு புள்ளிக்கோட்டுக்கு இடம் விட்டு வையுங்கள். அதற்கும் அதே ஆரஞ்சு வண்ணம்: (230, 159, 0).